எந்த இடத்தில் நிறுத்தினாய்?

"இந்தப் பேய் கேமாலதான் டாக்டர் இவனுக்குத் தூக்கமே போச்சு" என்றார் அப்பா. பக்கத்தில் இருபது வயது மகன், தலை நிமிரவே இல்லை. அப்பாவைச் சற்று நேரம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனிடம் கேட்டேன்: "எந்த இடத்துல விளையாட முடியாம நிறுத்தின?"

அவன் வைத்திருந்தது 'சைலண்ட் ஹில் 2'. கொனாமி நிறுவனம் 2001-இல் வெளியிட்டது. 2024-இல் புதிதாக உருவாக்கப்பட்டு மறுபடி வந்தது. மூன்று முறை தொடங்கியிருக்கிறான். மூன்று முறையும் இறந்துபோன மனைவியிடமிருந்து கணவனுக்கு வந்த கடிதத்தோடு மூடிவிட்டான். கதை தொடங்குவதே அந்தக் கடிதத்தில்தான். எந்தக் கோர உருவமும் அதுவரை திரையில் வந்திருக்காது. அவனுடைய அம்மா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. (அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

உளவியல் திகில் விளையாட்டுகளைப் பற்றிப் பெற்றோர் என்னிடம் கேட்பதெல்லாம் "எத்தனை மணி நேரம் ஆடலாம்?" என்பதுதான். எங்கே பயந்தான் என்று கேட்டால் கிடைக்கும் பதில் எனக்கு அதைவிடப் பயன்படுகிறது.

இந்த வகை விளையாட்டுகள் ரத்தத்தைக் காட்டுவதைவிட, ஆடுபவரின் நம்பிக்கையைப் பறித்தே பயமுறுத்துகின்றன. ஸ்வீடனின் ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ் 2010-இல் வெளியிட்ட 'அம்னீஷியா: தி டார்க் டிசென்ட்'டில் கையில் ஆயுதமே கிடையாது. ஒளிந்துகொள்ள இருட்டு வேண்டும். இருட்டில் நின்றாலோ பாத்திரத்தின் மனநிலை குலையும். இரண்டு பக்கமும் அடி. உடம்புக்கு இது கதை என்று தெரியாது: இதயம் படபடக்கும், தசைகள் இறுகும், விளையாட்டை அணைத்த பிறகும் அந்த விழிப்பு உடனே தணியாது. நள்ளிரவில், ஹெட்ஃபோன் போட்டு, தனியாக ஆடிவிட்டு உடனே படுத்தால் தூக்கம் எப்படி வரும்?

பல விளையாட்டுகள் மனநோயாளியையே பூதமாக்கிவிடுகின்றன. கைவிடப்பட்ட மனநல மருத்துவமனை, கட்டிவைத்த நோயாளி. சிகிச்சைக்கு வரத் தயங்குபவர்களைத் தினமும் பார்க்கிற எனக்கு இது வலிக்கிறது. 2017-இல் நிஞ்ஜா தியரி உருவாக்கிய 'ஹெல்பிளேட்: செனுவாஸ் சாக்ரிஃபைஸ்' வேறு வழியில் போனது. சுமார் இருபது பேர் கொண்ட குழு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் பால் ஃபிளெட்சரையும், குரல்கள் கேட்கும் அனுபவமுள்ளவர்களையும் கூட வைத்துக்கொண்டு செய்தார்கள். நாயகி செனுவாவுக்கு மனநோய்; ஹெட்ஃபோனில் கேட்டால் அவளுக்குக் கேட்கும் குரல்கள் காதுக்குப் பின்னால், தோளருகே, தலையைச் சுற்றி நகரும். மகனுக்குக் கேட்கும் குரல்களை "கற்பனை" என்று சொல்லிவந்த ஒரு தாய், சில நிமிடம் இதைக் கேட்டுவிட்டு, "இப்படியேவா நாள் பூரா இருக்கான்?" என்றார். நான் எத்தனை முறை விளக்கியும் நடக்காதது அது. ஆனால் தீவிர மனநோயிலிருந்து மீண்டுவரும் ஒருவர் இதையே ஆடுவதற்கு முன் தன் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். விளையாட்டின் தொடக்கத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

உருவாக்குபவர்களை நாம் யோசிப்பதே இல்லை. ஆடுபவர் பத்து மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவார். காயங்களின் நிஜப் படங்களைப் பார்த்துப் பார்த்து வரையும் ஓவியரும், ஒரே அலறலைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் செப்பனிடும் ஒலிக் கலைஞரும் அதற்குள்ளேயே வருடக்கணக்கில் இருக்கிறார்கள். கனவில் அந்தப் படங்கள் வர ஆரம்பித்தால் அதைத் தொழில் பழக்கம் என்று விட்டுவிட வேண்டாம். வேலையை மாற்றிமாற்றிப் பகிர்வதும், வண்ணமில்லாத படங்களைப் பார்த்து வேலை செய்வதும் சிலருக்கு உதவுகின்றன.

ஆடுபவர்களுக்கு: அண்மையில் ஒருவரை இழந்திருந்தால், திடீர்ப் பதற்றம் வந்து மூச்சு முட்டுபவராக இருந்தால், கதை எதைப் பற்றியது என்று முதலில் படித்துக்கொள்ளுங்கள். பாதியில் நிறுத்துவது கோழைத்தனம் அல்ல. வாரக்கணக்கில் தூக்கம் கெட்டாலோ, அணைத்த பிறகும் காட்சிகள் தாமாக வந்து மோதினாலோ உதவி கேளுங்கள்.

அந்தப் பையனிடம் விளையாட்டை விடச் சொல்லவில்லை. சில வாரங்கள் கழித்து அப்பாவையும் உள்ளே அழைத்தேன். அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று மகன் சொன்னான். முதலில் அழுதவர் அப்பாதான்.