பொம்பெயி ஓவியங்கள் நிறம் மங்காதது எப்படி?

இத்தாலியின் பொம்பெயி நகரில் 2024-இல் கறுப்புச் சுவர்கள் கொண்ட ஒரு விருந்துக்கூடம் அகழ்ந்தெடுக்கப்பட்டது. சுவரில் கிரேக்கத் தொன்மக் கதையின் ஹெலனும் பாரிஸும் சந்திக்கும் காட்சி. படத்தைப் பார்த்த வாசகர் ஒருவர், “இத்தனை காலம் நிறம் நின்றது சாம்பல் மூடியதாலா?” என்று கேட்டிருந்தார்.

கி.பி. 79-ஆம் ஆண்டு வெசுவியஸ் எரிமலை கொட்டி, நகரையே மூடிய சாம்பல் வெயில், மழையைத் தடுத்தது, சரி. ஆனால் நிறத்தைச் சுவரில் இறுக்கியது சுண்ணாம்பு. அந்த வேலை எரிமலை வெடிக்கும் முன்பே முடிந்துவிட்டது.

அதே நகரின் இன்னொரு வீட்டில் கிடைத்த ஈனியஸ் ஓவியம் இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரோமானியக் கவிஞர் வெர்ஜில் எழுதிய ‘ஈனியட்’ காவியத்தின் 12-ஆம் பகுதியில் வரும் காட்சி அது. ஈட்டியை ஊன்றி நிற்கிறான் ஈனியஸ். மருத்துவர் இயாபிக்ஸ் குனிந்து, அவன் தொடையில் தைத்த அம்புமுனையை இடுக்கியால் பிடுங்கப் பார்க்கிறார். பக்கத்தில் மகன் கண்ணைத் துடைக்கிறான். தாய் வீனஸ் மூலிகையோடு வருகிறாள். ரோமானியர்கள் தங்கள் குலமுதல்வனாகக் கருதிய ஈனியஸையே இப்படிக் காயத்தோடு நிறுத்திய துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

சரி, சுவருக்கு வருவோம். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, நீற்றி, மணலோடு குழைத்தால் சாந்து. மேல்பூச்சுக்குப் பளிங்குத் தூளும் சேரும். அது ஈரமாக இருக்கும்போதே, தண்ணீரில் கரைத்த நிறத்தைத் தீட்ட வேண்டும். பசை எதுவும் வேண்டாம். சாந்து உலர உலர, உள்ளிருக்கும் நீர் கரைந்த சுண்ணாம்பையும் சுமந்துகொண்டு மேற்பரப்புக்கு வருகிறது. அங்கே காற்றிலிருந்து கரியமில வாயு அந்த ஈரத்தில் கரைகிறது. இரண்டும் சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகிறது. சுட்டபோது இழந்த வாயுவைத் திரும்பப் பெற்று, சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது! நுண்ணிய படிகங்கள் நிறத்துகள்களைச் சுற்றி வளர்ந்து அவற்றைச் சிறைப்பிடிக்கின்றன. நிறம் கல்லின் தோலுக்குள்ளேயே இருக்கிறது. ஒளி ஊடுருவும் தோல் என்பதால் மறைவதும் இல்லை.

அன்றைய காற்றில் பத்தாயிரத்துக்கு மூன்று பங்குகூட இல்லாத ஒரு வாயு செய்த வேலை இது. சாந்து முழுக்கக் காய்ந்துவிட்டால் அந்த வாயுவால் எதுவும் செய்ய முடியாது, ஈரம் வேண்டும். அதனால்தான் ஓவியர்கள் அன்றன்று தீட்ட முடிந்த அளவுக்கே மேல்பூச்சு பூசினார்கள். சுவரின் மேலிருந்து கீழே இறங்கி வந்தார்கள். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால், எந்தப் பூச்சு எதன் மேல் ஏறியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். நிறங்களிலும் கட்டுப்பாடு உண்டு: செடிச் சாயங்கள் பலவும் சுண்ணாம்பின் காரத்தில் வெளிறும். காவி போன்ற மண் நிறங்கள் தாங்கும்.

தோண்டி எடுத்தபின்தான் ஆபத்து. ஈரத்தோடு ஏறும் உப்புகள் உள்ளே படிகமாகி, அந்தக் கல்தோலைப் பெயர்த்துத் தள்ளுகின்றன. நகரில் சுமார் மூன்றில் ஒரு பகுதி இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது. புதிதாகத் தோண்டினால்தான் செய்தி, செய்தியானால்தான் நிதி என்ற நிலை எனக்கு உடன்பாடில்லை. வெளியே வந்துவிட்ட சுவர்களின் உப்பையும் ஈரத்தையும் அளந்து பராமரிக்கும் ஆய்வுக்கூடங்களுக்கே முதலில் பணம் போக வேண்டும்.