வாகனத்தின் வேகத்தைச் சாலையே குறைப்பது எப்படி?

வீட்டு வாசலில் ஓடும் சாலையில் கார்கள் பறக்கின்றன, பிள்ளைகளை வெளியே விடவே அச்சமாக இருக்கிறது என்று மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் முறையிடும் குடியிருப்பாளர்கள், பெரும்பாலும் வேக வரம்புப் பலகையையோ வேகத்தடை மேட்டையோ கேட்கிறார்கள். அவர்களின் அச்சம் முற்றிலும் நியாயமானது. ஆனால் அகலமாகவும் நேராகவும் கிடக்கும் சாலையில், பலகையால் மட்டும் வேகம் அதிகம் குறைவதில்லை. சாலையின் வடிவம் மாறினால்தான் ஓட்டுநரின் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும்.

மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் 30க்கும் உள்ள வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆபத்தைக் கண்ட ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகிறது என்றும், உலர்ந்த சாலையில் வண்டியின் வேகம் ஒவ்வொரு விநாடிக்கும் 7 மீட்டர்/விநாடி வீதம் குறைகிறது என்றும் கொள்வோம். 30இல் வரும் கார் ஏறத்தாழ 13 மீட்டரில் முழுமையாக நின்றுவிடும். 50இல் வரும் காரோ அந்த ஒரு விநாடியிலேயே ஏறத்தாழ 14 மீட்டரைக் கடந்துவிடுகிறது. அதாவது, முதல் கார் நின்றுவிட்ட இடத்தை இரண்டாவது கார் வேகம் சற்றும் குறையாமல் தாண்டுகிறது. அதன் மோதல் ஆற்றலும் ஏறத்தாழ 2.8 மடங்கு. மழை பெய்தால் நிலைமை இன்னும் மோசம்.

மேட்டின் அறிவியல் நுட்பமானது. 1970களில் பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் உருவான வடிவம், 3.7 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட வட்டவில். அந்த வில்லின் ஆரம் சுமார் 17 மீட்டர். வளைவின் மீது செல்லும் பொருளின் முடுக்கம், வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். இதன்படி 30 கிலோமீட்டரில் அது புவியீர்ப்பு முடுக்கத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. 40இல் கிட்டத்தட்ட முக்கால் பங்கு. 50இல் புவியீர்ப்பையே மிஞ்சிவிடுகிறது. வண்டியின் சஸ்பென்ஷன் இதில் ஒரு பகுதியை உள்வாங்கிக்கொண்டாலும், வேகம் கூடக் கூட உடலில் படும் குலுக்கமும் கூடுகிறது. மேட்டைக் குறுகலாகக் கட்டினால் இந்தப் பயன் கெட்டுவிடும்: வேகமாகத் தாண்டினால் சக்கரம் மட்டுமே துள்ளும், உள்ளே அமர்ந்திருப்பவருக்கு அதிகம் உறைக்காது. மேடுகளுக்கு இடையே அதிக தூரம் விட்டாலும், இடைவெளியில் ஓட்டுநர் மீண்டும் வேகமெடுத்துவிடுவார்.

மேட்டுக்கு விலையும் உண்டு. ஆம்புலன்ஸ் தாமதமாகும், பேருந்தில் நிற்கும் முதியவர் தடுமாறுவார், அருகில் வசிப்பவருக்கு இரவெல்லாம் இரைச்சல்.

சிங்கப்பூரில் 2014இல் தொடங்கிய, மூத்தோர் பாதுகாப்புக்கான 'சில்வர் ஸோன்' வட்டாரங்களில் நிலப் போக்குவரத்து ஆணையம் பல வழிகளைச் சேர்த்தே கையாள்கிறது. தடத்தைக் குறுக்குவது, மென்மையான வளைவுகளை அமைப்பது, நடுவே திட்டு கட்டுவது ஆகியவை அவற்றுள் அடங்கும். ஓட்டுநர் தம் வேகத்தை மீட்டரைவிடப் பக்கவாட்டில் பின்னோக்கி ஓடும் பொருள்களைக் கொண்டே அதிகம் உணர்கிறார். சாலை குறுகி, மரமும் கல்விளிம்பும் கண்ணருகே வரும்போது, அதே வேகம் அவருக்குக் கூடுதலாகத் தெரிகிறது.

இவற்றுள் நடுத்திட்டுக்கு இன்னும் அதிக மதிப்புத் தர வேண்டும் என்பது என் கருத்து. ஒவ்வொரு திசையிலும் சராசரியாகப் பத்து விநாடிக்கு ஒரு வண்டி ஒழுங்கின்றி வருகிறது, சாலையைக் கடக்க ஒருவருக்கு ஏழு விநாடி ஆகிறது என்று கொள்வோம். இரு திசையும் ஒருசேரக் காலியாக இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். நடுவில் நின்று இரண்டு கட்டமாகக் கடக்க முடிந்தால், ஒவ்வொரு கட்டத்திலும் அந்த வாய்ப்பு பத்தில் ஏழாக உயர்கிறது. ஈரச்சந்தையிலிருந்து கைநிறையப் பையுடன் திரும்பும் ஒரு பாட்டிக்கு இது பெரும் வேறுபாடு.

பொறியாளர்கள் பொதுவாகப் பார்க்கும் அளவு, நூறு வண்டிகளின் வேகத்தை ஏறுவரிசையில் அடுக்கினால் 85ஆவதாக நிற்கும் வேகம். அதைக் கருவி அளந்துவிடும். ஆனால் பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகள் எந்தப் புளோக்கின் முன் கூட்டமாகக் கடக்கிறார்கள், ஓரமாக நிற்கும் லாரி எந்த வளைவில் பார்வையை மறைக்கிறது, வண்டிகள் எந்த இடத்தில் வேகமெடுக்கத் தொடங்குகின்றன என்பவற்றை அங்கே வசிப்பவர்களே அறிவார்கள். ஆகவே குடியிருப்பாளர்கள் தம் கோரிக்கைக் கடிதத்தில், மேடு வேண்டும் என்று கேட்பதற்கு முன், இடமும் நேரமும் குறித்து இந்த விவரங்களை எழுதித் தருவது நல்லது. அந்த இடத்துக்குப் பொருந்துவது மேடா, வளைவா, திட்டா என்பதை அவற்றை வைத்துத்தான் முடிவு செய்ய இயலும்.