ஆஃப்ரோபீட்: சொல்லும் பொருளும்

பொருள்: 1960களின் இறுதியில் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் உருப்பெற்ற இசைவகை. மேற்கு ஆப்பிரிக்காவின் நடன இசையான ஹைலைஃப், நைஜீரியாவின் யொருபா மக்களின் தாளங்கள், ஜாஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல், ஃபங்க் ஆகியவை சேர்ந்தது. பாட்டு பத்து, பதினைந்து நிமிடம் ஓடும். பாடகர் வாய் திறப்பதற்குள் சில நிமிடங்கள் கடந்திருக்கும்.

தோற்றம்: லண்டனில் இசை படித்துத் திரும்பிய நைஜீரிய இசைக்கலைஞர் ஃபெலா குட்டி, ஜாஸையும் ஹைலைஃபையும் கலந்து வாசித்துக்கொண்டிருந்தார். அந்த நாளில் சியரா லியோனின் பாடகர் ஜெரால்டோ பினோ, அமெரிக்க சோல், ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் பாடல்களைப் பாடியே லாகோஸ் ரசிகர்களை அள்ளிக்கொண்டார். அந்தப் போட்டிக்கு நடுவே, 1968 வாக்கில், தன் இசைக்கு ஃபெலா சூட்டிய பெயர்தான் ஆஃப்ரோபீட். மறு ஆண்டு அமெரிக்கா சென்றார். லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பின உரிமைப் போராட்டத்தோடு ஏற்பட்ட தொடர்பு அவருடைய பாட்டின் பொருளையே அரசியலாக்கியது.

இதை அமெரிக்கா கொடுத்தது, ஆப்பிரிக்கா வாங்கிக்கொண்டது என்று எழுதுவது பாதிக்கதைதான். 1970இல் ஜேம்ஸ் பிரவுனின் குழு நைஜீரியா வந்தது. அந்தக் குழுவினர் ஃபெலாவின் கச்சேரியைக் கேட்கப் போனார்கள். ஃபெலாவின் டிரம்ஸ் கலைஞர் டோனி ஆலன் சொல்லியிருக்கிறார்: பிரவுனின் இசைக்கோர்ப்பாளர் ஆலனின் கைகால் அசைவுகளை உற்றுப் பார்த்துக் குறிப்பெடுத்தாராம். இரு கை, இரு கால் நான்கையும் நான்கு தனி வாத்தியங்களாகப் பேசவைத்தவர் ஆலன். அவர் இல்லாமல் ஆஃப்ரோபீட் இல்லை என்று ஃபெலாவே ஒப்புக்கொண்டார்.

தமிழில்: ‘ஆப்பிரிக்கத் தாளம்’ என்பது பொருந்தாது. தாளம் என்றால் நமக்கு ஆதி, ரூபகம் போன்ற கால அளவு நினைவுக்கு வரும். ஒரு கண்டத்தின் தாளங்கள் அனைத்தையும் குறிப்பதாகவும் தோன்றும். ‘ஆப்பிரிக்கத் துடிப்பிசை’ என்பது என் பரிந்துரை. துடி என்பது நம் பழைய தோற்கருவியின் பெயரும்கூட. கட்டுரையில் முதன்முறை வரும்போது இதை விளக்கமாகத் தந்துவிட்டு, பிறகு ஆஃப்ரோபீட் என்றே எழுதலாம். சோல் இசையை ‘ஆன்ம இசை’ என்று மாற்றினால் பஜனை என்றே படிப்பவர் நினைப்பார்; அதைச் சோல் என்றே விடுவது நல்லது.

ஆஃப்ரோபீட்ஸ் வேறு. விஸ்கிட், பர்னா பாய் போன்றோரின் இன்றைய நைஜீரிய பாப் இசைக்கான பெயர் அது; 1997இல் ஃபெலா மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகே பரவியது. செய்திகளில் இரண்டையும் ஒன்றாக்கி எழுதக் கூடாது.