பிரைமரி அட்டையின் அடியில் இருக்கும் பொடி எழுத்து

2024 ஜூன் நடுவில், காலாண்டு வரித் தவணை விஷயமாக வந்த ஒரு வாடிக்கையாளர் தன் காகிதங்களோடு ஒரு கத்தை தேர்தல் விளம்பர அட்டைகளையும் என் மேசையில் வைத்தார். நியூயார்க்கை ஒட்டிய யாங்கர்ஸில் கடை வைத்திருப்பவர், என்னைவிட இருபது வயது மூத்தவர். "தம்பி, மூணு வாரமா தபால்பெட்டி முழுக்க இதுதான். யாரு இவ்வளவு காசு போடுறாங்க?" என்றார். எண்ணிப் பார்த்தோம், பதினேழு அட்டைகள்.

"ஒவ்வொண்ணா திருப்பி அடியில பாருங்க சார்" என்றேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அட்டையை மூக்கருகே கொண்டுபோனார். பொடி எழுத்தில் ஒரு குழுவின் பெயர், அதையடுத்து 'எந்த வேட்பாளரின் ஒப்புதலும் பெறாதது' என்ற பொருளில் ஒரு வரி. அந்த வரி இருந்தால் அட்டைக்குக் காசு போட்டது வேட்பாளர் இல்லை, ஒரு வெளிக்குழு. பெரும்பாலும் சூப்பர் பேக், அதாவது வேட்பாளரைச் சேராமல் தனித்துச் செலவழிக்கும் அரசியல் குழு. பதினேழில் பதினொன்று அப்படி.

நான் வரிக் கணக்காளர். 2022-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கான பிரைமரியில், அதாவது கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், நின்ற ஒருவருக்குப் பொருளாளராக இருந்தேன். வேட்பாளருக்கு ஒருவர் ஒரு தேர்தலுக்கு 2,900 டாலருக்கு மேல் தரக்கூடாது என்பது அப்போதைய வரம்பு; இந்த 2025-26 சுற்றில் அது 3,500. ஒருவர் கொடுத்தது 200 டாலரைத் தாண்டினால் அவர் முகவரி, தொழில், வேலை பார்க்கும் இடம் எல்லாம் கணக்கில் ஏற வேண்டும். ஹெச்-1பி விசாவில் இருக்கும் நம்மூர்ப் பையன் ஒருவன் ஆசையாக அனுப்பிய 100 டாலர் காசோலையைக்கூடத் திருப்பி அனுப்பினேன். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் தரவே கூடாது. "அப்போ ஃப்ரெண்ட் பேர்ல கொடுக்கட்டுமா சார்?" என்று கேட்டான். அடுத்தவர் பெயரில் கொடுப்பது தனிக் குற்றம் என்று புரியவைத்தேன்.

இப்படி எட்டு மாதம் காசு காசாகச் சேர்த்தோம். கடைசி இரண்டு வாரத்தில் ஒரு வெளிக்குழு வந்து விளம்பரத்தில் கொட்டியது எங்கள் மொத்த வசூலைவிட அதிகம். அன்று இரவு கணக்கை மூடிவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் குழுவுக்கு வரம்பு ஏதும் கிடையாது. 2010 ஜனவரியில் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில், நிறுவனங்கள் தேர்தலுக்காகத் தனித்துச் செலவழிப்பதைத் தடுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 5-4 என்று தீர்ப்புச் சொன்னது. அதை வைத்து அதே ஆண்டு ஸ்பீச்நவ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், தனித்துச் செலவு செய்யும் குழுக்கள் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம் என்றது. வேட்பாளரோடு கலந்து பேசக்கூடாது என்பதுதான் முக்கிய நிபந்தனை. அதையும் சுற்றிப்போக வழி உண்டு. வேட்பாளரின் இணையதளத்தில் ஒரு மூலையில், சில சமயம் சிவப்புக் கட்டத்துக்குள், 'வாக்காளர்களுக்கு இது தெரிய வேண்டும்' என்று நாலு வரி இருக்கும். யார் படிக்க வேண்டுமோ அவர்கள் படித்துக்கொள்வார்கள்.

சரி, பிரைமரியில் ஏன் இவ்வளவு கொட்டுகிறார்கள்? என் வாடிக்கையாளரின் தொகுதியான நியூயார்க் 16-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். ஜனநாயகக் கட்சியின் கோட்டை அது. பிரைமரியில் ஜெயித்தவர்தான் நவம்பரிலும் ஜெயிப்பார். ஏறக்குறைய ஏழே முக்கால் லட்சம் மக்கள் வாழும் தொகுதியில் 2024 ஜூன் 25 அன்று நடந்த பிரைமரியில் பதிவானவை 80,000 ஓட்டுகூட இல்லை. இஸ்ரேல் ஆதரவு அமைப்பான ஏய்பாக்கின் சூப்பர் பேக், யுனைடெட் டெமாக்ரசி புராஜெக்ட், அங்கே செலவழித்தது சுமார் 1.45 கோடி டாலர். வகுத்துப் பார்த்தால் ஓட்டுக்கு 180 டாலருக்கு மேல். பதவியில் இருந்த ஜமால் போமன் தோற்றார், ஜார்ஜ் லாட்டிமர் வென்றார். அந்தக் குழுவுக்குக் கொடுத்தவர்களில், வழக்கமாகக் குடியரசுக் கட்சிக்குக் கொடுக்கும் கோடீஸ்வரர்களும் இருந்தார்கள்.

தன் கொள்கைக்காகச் செலவழிக்கச் சட்டத்தில் உரிமை உண்டு. என்னை உறுத்துவது, கொடுப்பவரின் அக்கறை ஒன்றாகவும் விளம்பரத்தின் பேச்சு வேறாகவும் இருப்பதுதான். போமனுக்கு எதிரான அந்தக் குழுவின் விளம்பரங்களில் பெரிதாக அடிபட்டது, பைடனின் உள்கட்டமைப்பு மசோதாவை அவர் எதிர்த்து வாக்களித்தது. அதே 2024-இல் கலிஃபோர்னியா செனட் பிரைமரியில் கேட்டி போர்ட்டருக்கு எதிராகக் கிரிப்டோ (டிஜிட்டல் நாணய) நிறுவனங்களின் ஃபேர்ஷேக் குழு சுமார் 1 கோடி டாலர் செலவழித்தது. அந்த விளம்பரங்களில் கிரிப்டோ பற்றி ஒரு சொல் கிடையாது.

குடியரசுக் கட்சியிலும் இதே கதைதான். 2022 ஒஹாயோ செனட் பிரைமரியில் ஜே.டி. வான்ஸுக்காகப் பீட்டர் தியேல் என்ற ஒரே செல்வந்தர் தந்தது 1.5 கோடி டாலர். பதிவான ஓட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வாங்கி வான்ஸ் வென்றார்.

பணம் தோற்றதும் உண்டு. ஆரிகனில் 2022-இல் கிரிப்டோ கோடீஸ்வரர் சாம் பேங்க்மேன்-ஃபிரைட் பணத்தில் ஓடிய குழு ஒரு புதுமுகத்துக்காக 1 கோடி டாலருக்கு மேல் கொட்டியும் ஆண்ட்ரியா சலினாஸ்தான் வென்றார். ஆனால் அதை நம்பி நாம் சும்மா இருந்துவிட முடியாது.

ஏனென்றால் நாள்கணக்கு நமக்கு எதிராக இருக்கிறது. ஓட்டு நாள் நெருங்கும்போது வெளிக்குழுக்கள் செலவை 24 மணி நேரத்தில் தேர்தல் ஆணையத்துக்குச் சொல்லியாக வேண்டும். யார் கொடுத்த பணம் என்பதை அப்போது சொல்ல வேண்டியதில்லை. அந்த ஜூன் 25 பிரைமரிக்கு, ஜூன் 5-க்குப் பிறகு குழுவுக்கு வந்த நன்கொடை யாருடையது என்பது ஜூலையில்தான் வெளியே தெரியும். பெயர் தெரிந்தாலும் சில சமயம் அது இன்னொரு அமைப்பின் பெயராக இருக்கும், அதற்குக் கொடுத்தவர் யார் என்று பார்க்க வழி இருக்காது. ஏற்கெனவே கணக்குக் காட்டிய பணத்தை, மத்திய தேர்தல் ஆணையத்தின் தளத்தில் குழுவின் பெயரைத் தட்டி யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அன்று என் கணினியில் அவருக்குத் தேடிக் காட்டினேன், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. திரையில் வந்த தொகைகளை விரலை வைத்து வைத்துப் படித்தார்.

கிளம்பும்போதுதான் கவனித்தார். "தம்பி, பதினேழும் என் பொண்ணு பேருக்குல்ல வந்திருக்கு. எனக்கு ஒண்ணுகூட வரலையே?" அவர் குடியுரிமை பெற்று இருபது வருடம் ஆகிறது, ஆனால் எந்தக் கட்சியிலும் பதிந்துகொள்ளவில்லை. நியூயார்க்கில் கட்சியில் பதிந்தவர் மட்டுமே அந்தக் கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போட முடியும். அட்டை அனுப்புகிறவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். கட்சி மாற்றும் படிவம் பிப்ரவரி 14-க்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், நான்கு மாதம் கடந்துவிட்டது. "அடுத்த தடவைக்காவது ஆகட்டும்" என்று அங்கேயே படிவத்தை வாங்கி நிரப்பினார். அட்டைகளை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். மகளிடம் அந்தப் பொடி எழுத்தைக் காட்ட வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போனார்.