2009-க்குத் திரும்பிப்போன கம்ப்யூட்டர்

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். போட்டித் தேர்வுக்கு விண்ணப்பம் போட வீட்டு கம்ப்யூட்டரை ஆன் செய்திருக்கிறார். எந்த வலைத்தளத்தைத் திறந்தாலும் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்ற எச்சரிக்கைதான் வருகிறது. அதே வைஃபையில் செல்போனில் எல்லாம் ஒழுங்காகத் திறக்கிறது. கடையில் கேட்டதற்கு, வைரஸ் புகுந்திருக்கும், விண்டோஸைப் புதிதாகப் போட 800 ரூபாய் ஆகும் என்றார்களாம். “நேற்று மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க கரண்ட் இல்லை, அதனால் ஏதாவது ஆகியிருக்குமா?” என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். விஷயம் அந்தக் கடைசி வரியில்தான் இருந்தது.

திரையின் கீழே வலது மூலையில் என்ன தேதி காட்டுகிறது என்று கேட்டு எழுதினேன். 2009 ஜனவரி 1 என்று பதில் வந்தது.

வங்கியோ ரயில் முன்பதிவோ அரசுத் தளமோ, எதைத் திறந்தாலும் அது முதலில் ஒரு சான்றிதழை நீட்டும். பஸ் பாஸ் மாதிரி, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். 2009-இல் நிற்கிற கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அந்தச் சான்றிதழ் செல்லுபடியாகும் நாள் இன்னும் வரவே இல்லை. அதனால் போலியாக இருக்கலாம் என்று கதவைச் சாத்திவிடுகிறது. செல்போன் டவரிலிருந்து நேரத்தை வாங்கிக்கொள்ளும். அதற்குச் சிக்கல் இல்லை.

உடனடி வைத்தியம் சுலபம். கடிகாரத்தின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, தேதியை மாற்றும் பக்கத்துக்குப் போய், தேதியையும் நேரத்தையும் முதலில் கையால் சரியாகப் போடுங்கள். வருடக்கணக்கில் வித்தியாசம் இருந்தால் விண்டோஸ் சில சமயம் தானாகத் திருத்திக்கொள்ளாது. நேர மண்டலம் ‘சென்னை, கொல்கத்தா, மும்பை, புது தில்லி’ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். கடிகாரம் துல்லியமாக ஐந்தரை மணி நேரம் மட்டும் தப்பினால் கோளாறு நேர மண்டலத்தில்தான் இருக்கும், அல்லது ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸோடு லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் சேர்ந்து இருக்கும். அதற்காக, கீழே நான் சொல்லப்போகும் பேட்டரிச் செல்லை மாற்றத் தேவையில்லை. கரண்டை நிறுத்திவிட்டுத் திரும்பப் போடும்போதெல்லாம் தேதி பழைய வருடத்துக்கு ஓடினால்தான் கோளாறு அந்தச் செல்லில்.

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தால், மதர்போர்டு என்ற பெரிய மின்சுற்றுப் பலகையில் பழைய ஒரு ரூபாய்க் காசு போல வெள்ளியாகப் பளபளக்கும் வட்டச் செல் ஒன்று தெரியும். மேலே 2032 என்று எழுதியிருக்கும். விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் இப்படி ஒன்று கிடையாது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் இன்று என்ன தேதி என்று கேட்கும். 1984-இல் வந்த ஐபிஎம் ஏடி என்ற மாடலில்தான் பேட்டரியோடு ஒரு கடிகாரத்தை உள்ளே வைத்தார்கள். அந்த ஏற்பாடு இன்றுவரை தொடர்கிறது. கம்ப்யூட்டர் முழுக்க அணைந்து கிடக்கும்போதும் அந்தக் கடிகாரம் மட்டும் விழித்திருக்கும்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது? செல்லுக்கு அருகிலேயே தேடினால் அரிசியை விடச் சற்றுப் பெரிதாக ஒரு வெள்ளிக் குழல் தெரியலாம். சில போர்டுகளில் சின்னக் கறுப்புப் பெட்டியாக இருக்கும். அதற்குள்ளே ஓர் இசைக்கவை இருக்கிறது. பள்ளி ஆய்வகத்தில் ரப்பர் கட்டையில் தட்டி, காதருகே வைத்துக் கேட்டோமே, அதே வடிவம், அதே இரண்டு கால்கள். நீளம் சில மில்லிமீட்டர்தான். இது உலோகத்தில் செய்ததல்ல, குவார்ட்ஸ் படிகத்தில் வெட்டியது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய கடைகளில் ஸ்படிக மாலை விற்பார்களே, அசல் ஸ்படிகம் என்றால் அதுவும் குவார்ட்ஸ்தான். ஒத்தக்கடை ஆனைமலைப் பாறைக்குள்ளும் இது துணுக்கு துணுக்காகக் கிடக்கிறது.

குவார்ட்ஸை அழுத்தினால் அதன் பரப்பில் மின்னூட்டம் தோன்றும். இதை 1880-இல் கண்டவர்கள் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள். அடுத்த ஆண்டே மறுபக்கமும் தெரிந்துவிட்டது: மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் மிக மிக லேசாக வளையும். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். செல் ஒரு சின்ன மின் தட்டு தட்டுகிறது. கவையின் கால்கள் அதிர்கின்றன. அதிர்வு ஒரு மின் துடிப்பாகத் திரும்பி வருகிறது. சுற்று அதைப் பெரிதாக்கி, சரியான தருணத்தில் மறுபடி தட்டுகிறது. ஊஞ்சலில் இருக்கும் பிள்ளையை, அது பின்னால் வரும்போதெல்லாம் ஒரு தள்ளு தள்ளுவது போல. கவை தன் உருவத்துக்கு ஏற்ற வேகத்தில்தான் அதிரும். அந்த வேகம் நொடிக்கு 32,768 முறை வரும்படி அதைச் செதுக்கியிருக்கிறார்கள்.

அதென்ன 32,768? பதினைந்து பேரை வரிசையாக நிறுத்துங்கள். கவை ஒவ்வொரு முறை அதிரும்போதும் முதலாமவர் தோளில் ஒரு தட்டு விழும். அவர் இரண்டு தட்டு வாங்கினால் அடுத்தவருக்கு ஒன்று கொடுக்க வேண்டும். அவரும் அப்படியே இரண்டுக்கு ஒன்று. முதலாமவர் கொடுப்பது 16,384, அடுத்தவர் 8,192, அப்புறம் 4,096 என்று பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும். பதினைந்தாமவர் கொடுப்பது சரியாக ஒன்று. அதுதான் ஒரு நொடி. இரண்டால் வகுப்பது மின்சுற்றுக்கு மிகச் சுலபமான வேலை. நொடிக்கு 20,000-க்கு மேல் அதிர்வதால் நம் காதுக்கும் கேட்காது. அதைவிட வேகமாக வைத்தால் செல் சீக்கிரம் தீரும். இத்தனையும் ஓர் எண்ணில் பொருந்தி வந்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

ஸ்படிக மாலை போட்டால் மனம் அமைதியாகும், உடல் சூடு தணியும் என்று விற்கிறார்கள். அணிகிறவர்களின் பக்தியில் நான் தலையிடவில்லை. ஆனால் அந்தக் கல்லுக்குள் உண்மையிலேயே இருக்கும் அதிசயத்தைச் சொல்ல ஆளில்லையே என்று வருத்தமாக இருக்கிறது. கியூரி சகோதரர்கள் கல்லை அழுத்திக்கொண்டிருந்தபோது ‘இதனால் என்ன பயன், இரண்டு வருடத்தில் என்ன லாபம்’ என்று கணக்குக் கேட்டிருந்தால் அவர்களிடம் பதில் இருந்திருக்காது. முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் கடைக்கு வந்தது 1969-இல். அடிப்படை ஆராய்ச்சிக்கு நம் நாடு பணம் ஒதுக்கும்போது இந்த 89 ஆண்டுகளை மனதில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கவைக்கும் வெயில் ஒத்துக்கொள்ளாது. 25 டிகிரியில்தான் அது சரியாக ஓடும். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி மதுரை அறையில் ஒரு நாளைக்கு அரை நொடிக்குச் சற்று அதிகமாகப் பின்தங்கும். மாதத்துக்கு ஏறக்குறைய 20 நொடி. கொடைக்கானல் குளிரில் 10 டிகிரியில் வைத்தாலும் அதே அளவு பின்தங்கும், முந்தாது! இணையம் இருந்தால் இந்தச் சின்னத் தவறுகளைக் கம்ப்யூட்டர் தானே திருத்திக்கொள்ளும்.

சரி, செல் ஏன் தீர்கிறது? அதன் கொள்ளளவு ஏறக்குறைய 225 மில்லி ஆம்பியர் மணி. கடிகாரம் இழுப்பது சில மைக்ரோ ஆம்பியர்தான். ஐந்து மைக்ரோ ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் 45,000 மணி நேரம், அதாவது ஐந்து வருடம். சுவர் சுவிட்ச் ஆனில் இருந்தால், கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் அந்தச் சொற்ப மின்சாரம் வெளியிலிருந்தே கிடைத்துவிடும், செல்லுக்கு ஓய்வு. நம் வீடுகளில் ராத்திரி சுவர் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் படுப்போம். அது நல்ல பழக்கம், விடாதீர்கள். செல் கொஞ்சம் முன்னதாகத் தீரும், அவ்வளவுதான். வாசகி வீட்டில் தீரும் தறுவாயில் இருந்த செல்லை அந்த ஒரு பகல் மின்தடை முடித்துவைத்திருக்கிறது.

மாற்றுவதற்குப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஓரத்தில் இருக்கும் சின்ன உலோக நாக்கை விரல் நகத்தால் தள்ளினால் செல் தானாக எம்பும். புதியதை + குறி மேலே தெரிய வையுங்கள். மதுரை டவுன்ஹால் ரோட்டுக்குப் போக வேண்டியதில்லை, தெருமுனை வாட்ச் கடையிலேயே கேட்டுப் பாருங்கள். பழைய லேப்டாப்களில் இதே செல் இரண்டு ஒயரோடு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். அதைத் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றுவது நல்லது. புதுச் செல் 3 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். என் வீட்டுக் கம்ப்யூட்டரில் கழற்றியதை மல்டிமீட்டரில் வைத்தபோது 1.7 காட்டியது.

கழற்றிய செல்லை மேசைமேல் போட்டுவிடாதீர்கள். 20 மில்லிமீட்டர் என்பது சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்கும் அளவு. சிக்கிய இடத்தில் எச்சிலோடு சேர்ந்து இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். தீர்ந்த செல்லும் இதைச் செய்யும். இரு பக்கமும் செலோடேப் ஒட்டி, எட்டாத உயரத்தில் வைத்து, மின்கழிவோடு கொடுத்துவிடுங்கள். குழந்தை விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்கவைக்க முயலாமல், நேராக எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.