எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஹைட்ரஜன் தனியே பிரியாது

சில நாட்களுக்கு முன்பு மறுபடியும் அதே அழைப்பு. சீல் கசிந்து ஹைட்ரஜன் தொட்டிக்குள் காற்று புகுந்துவிட்டது. “ராத்திரி முழுக்க அசைக்காமல் விட்டிருக்கோம் சார். ஹைட்ரஜன் மேலே ஏறியிருக்கும், மேல் வால்வைத் திறந்து பிடிச்சுக்கலாமா?” வால்வில் கை வைக்காதீர்கள் என்று கத்தியேவிட்டேன். இதே கேள்வியை இன்னும் எத்தனை முறை கேட்பது?

கலந்த வாயுக்கள் தாமாகப் பிரியாது. எண்ணெயும் தண்ணீரும்போல லேசானது மேலே, கனமானது கீழே என்று அடுக்காக நிற்காது. அறை வெப்பத்தில் ஹைட்ரஜன் மூலக்கூறு நொடிக்குச் சுமார் 1.8 கிலோமீட்டர் வேகத்தில் முட்டி மோதிக்கொண்டிருக்கிறது. 2 மீட்டர் உயரத் தொட்டியை வருடக்கணக்கில் அசையாமல் வைத்தாலும், மேலுக்கும் கீழுக்கும் கலவை விகிதத்தில் பத்தாயிரத்தில் 2 பங்குதான் மாறும். “கசிந்த ஹைட்ரஜன் கூரைக்குப் போகிறதே?” என்பார்கள். சரி, போகும். அது இன்னும் முழுதாகக் கலக்காத வாயு, திரளாக மிதந்து எழுகிறது. கூரையில் காற்றுப்போக்கி வைப்பதும் அதற்காகத்தான். முழுக்கக் கலந்தபின் அந்தக் கணக்கு செல்லாது.

பிரிப்பதற்கென்று ஏதாவது செய்தாக வேண்டும். ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமமும் கிளர்வூட்டிய கரியும் நிரப்பிய கலன்களில் கலவையை அழுத்தத்தோடு அனுப்பினால், ஹைட்ரஜனோடு கலந்திருக்கும் மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் அவற்றில் ஒட்டிக்கொள்ளும், ஹைட்ரஜன் 99.999 சதவீதத் தூய்மைவரை வெளியே வரும். சூடான பல்லேடியம் உலோகத் தகடு ஹைட்ரஜனை மட்டுமே கடத்தும். அப்புறம், அதைக் குளிரவிடும் முன் ஹைட்ரஜனை வெளியேற்றிவிடுங்கள், இல்லையென்றால் தகடு விரிசல் விடும்.

இதெல்லாம் ஆக்சிஜன் இல்லாத கலவைக்கு. காற்று புகுந்த தொட்டியில் பிரிக்கும் பேச்சே வேண்டாம். 4 முதல் 75 சதவீதம்வரை ஹைட்ரஜன் இருந்தால் அந்தக் கலவை பற்றிக்கொள்ளும். அதற்கு 0.02 மில்லிஜூல் பொறி போதும். உங்கள் சட்டை உரசலே அதைவிடப் பெரிய பொறியைத் தரலாம். பகல் வெளிச்சத்தில் சுடரும் கண்ணுக்குத் தெரியாது.

ஆளை விலக்குங்கள். எர்த் இணைப்பைச் சரிபாருங்கள். நைட்ரஜன் விட்டு நீர்க்கச் செய்து, உயரமான வென்ட் வழியாக வெளியேற்றுங்கள். வாயுவை எரித்து அளக்கும் சாதாரண கேஸ் டிடெக்டருக்கு ஆக்சிஜன் வேண்டும். நைட்ரஜன் நிறைந்த தொட்டியில் அது பூஜ்யம் காட்டினால் நம்பாதீர்கள், வெப்பக் கடத்துதிறனை வைத்து அளக்கும் கருவியைக் கொண்டுவாருங்கள். அளவு என்ன காட்டினாலும் தொட்டிக்குள் தலையை நீட்டாதீர்கள், உள்ளே ஆக்சிஜன் இல்லாததால் ஓரிரு மூச்சில் நினைவு தப்பிவிடும்.

ஒரு தொட்டி ஹைட்ரஜன் வீணாகிறதே என்று மட்டும் தயவுசெய்து கணக்குப் பார்க்காதீர்கள். போகட்டும், விடுங்கள்.