அந்தரங்கத்தில் அரங்கம் இல்லை

கீழக்கரையில் எனக்கு ஒரு சின்ன டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கந்தூரி நோட்டீஸ் என்று நாள் முழுக்கத் தமிழைத் தட்டுவதுதான் பிழைப்பு. போன வாரம் ஒரு தம்பி பென் டிரைவோடு வந்தான். கூடப் படித்த மூன்று பேர் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிறார்களாம். மண்டபம் என்ற ஊரில் தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடியில் நிகழ்ச்சி. நாற்பது பேருக்குத்தான் இடம். கோப்பைத் திறந்தேன். மேலே கொட்டை எழுத்தில் 'அந்தரங்க இசை நிகழ்ச்சி'. அதன் கீழே '40 பேருக்கு மட்டும். முன்பதிவு அவசியம்'.

லேமினேஷனுக்காகக் காத்திருந்த பெரியவர் ஒருவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தம்பியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ரேஷன் கார்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"யாருப்பா இதத் தமிழ்ப்படுத்துனது?"

"இன்டிமேட் கிக், காக்கா. போன்ல போட்டேன். இதான் வந்துச்சு." எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்.

போனை மட்டும் சொல்லிப் பயனில்லை. இதே சொல்லைச் சென்னையில் ஒரு காப்பிக் கடைச் சுவரொட்டியில் பார்த்திருக்கிறேன். பாட்டுக் கேட்கும் செயலி ஒன்றில் 'அந்தரங்க அமர்வு' என்று வந்தது. அங்கே 'இன்டிமேட் செஷன்' இருந்திருக்க வேண்டும். மூன்றாவது முறையாக என் கடைக்கே வந்து என் கையாலேயே அச்சாகப் பார்க்கிறது. இனியும் சும்மா இருக்க முடியாது.

முதலில் சொற்களின் ஊர் பேரைச் சொல்லிவிடுகிறேன். 'இன்டிமேட்' லத்தீன் வழி வந்தது. மூலச் சொல்லுக்கு 'உள்ளிலும் உள்' என்று பொருள். நம் அலுவலகங்களில் "முன்கூட்டியே இன்டிமேட் பண்ணிடுங்க" என்கிறோமே, அதுவும் இதே வேர்தான். ஆனால் அங்கே அதற்குத் 'தெரிவி' என்று அர்த்தம். 'கிக்' (gig) என்பது ஜாஸ் வாசித்தவர்களின் கொச்சை, நூறு வருஷப் பழசு. ஒரு ராத்திரிக்கு ஓரிடத்தில் போய் வாசித்துவிட்டுக் காசு வாங்கி வருவது கிக். இன்று சோற்றுப் பொட்டலம் சுமக்கும் பையன்களைக் 'கிக் தொழிலாளர்' என்பதும் அதிலிருந்துதான். ஒருவகைப் படகுக்கும் அதே பெயர் உண்டு. அதற்கு எங்கள் கரையில் வத்தை, வள்ளம் என்று சொந்தப் பெயர்கள் இருப்பதால் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. இந்தத் தம்பிகள் பாடுகிற வகைக்கு 'இன்டி' என்று பேர். அது 'இன்டிபென்டன்ட்' வால் அறுந்தது. பெரிய கம்பெனிகளை நம்பாமல் பாட்டு வெளியிட்டவர்களுக்கு வைத்த பெயர். 1980இல் பிரிட்டனில் அவர்களுக்கென்று தனி விற்பனைப் பட்டியலே போட ஆரம்பித்துவிட்டார்கள். நம் ஊரில் அதன் அர்த்தம் இன்னும் எளிது: எந்தப் படத்திலும் வராத பாட்டு. பாடி முடித்ததும் "நல்லாருக்கு தம்பி, இது எந்தப் படத்துல?" என்று யாராவது கேட்டால் அது இன்டி. இதைச் 'சுயாதீன இசை' என்கிறார்கள். எனக்கு அதில் பெரிய சண்டை இல்லை. வாயில் கொஞ்சம் மாவாக ஒட்டுகிறது, அவ்வளவுதான்.

சண்டை அந்தரங்கத்தோடுதான்.

இந்தச் சொல்லுக்கு வக்காலத்து வாங்கும் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், என்னிடம் சொன்ன நியாயம் இது: "அந்தர் என்றால் உள். அந்தர் அரங்கம், அந்தரங்கம். உள்ளரங்கில் நடக்கும் இசை. பொருத்தமாகத்தானே இருக்கிறது?" கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்தரங்கத்தில் அரங்கமே கிடையாது. வடமொழியில் அது அந்தர் + அங்கம், உள் உறுப்பு. அதற்கு எதிர்ச்சொல் பகிரங்கம். பகிர் என்றால் வெளி. அரங்கம்தான் உள்ளே இருக்கிறது என்றால் பகிரங்கத்திலும் ஓர் அரங்கம் இருக்க வேண்டும், அதாவது திறந்தவெளி அரங்கம். அப்படியானால் 'பகிரங்க மன்னிப்பு' கேட்பவர் அதை மைதானத்தில் மேடை போட்டுத்தான் கேட்க வேண்டும். இதைச் சொன்னதும் வாத்தியார் சிரித்துவிட்டார். ஆனால் கட்சி மாறவில்லை.

அவர் அடுத்து எடுத்தது இன்னும் வலுவான வாதம். அங்கமோ அரங்கமோ, லத்தீனில் 'உள்ளிலும் உள்', வடமொழியில் 'உள் அங்கம்', இரண்டும் ஒன்றுதானே என்றார். வேரை வைத்துப் பார்த்தால் சரிதான். ஆனால் சொல்லை நடக்க விடுவது வேர் இல்லை, நாம். நாம் அந்தரங்கத்தை எங்கே நடக்கவிட்டோம்? அந்தரங்கக் காரியதரிசி என்று பழைய ஆட்கள் சொன்னார்கள், சரி. இன்று அந்தரங்க உறுப்பு, அந்தரங்கப் படம், அந்தரங்க வீடியோ கசிவு. செய்தித்தாளில் இந்தச் சொல் வந்தால் கீழே காவல் நிலையம் என்ற சொல்லும் வந்தே தீரும். இவ்வளவையும் முதுகில் சுமந்துகொண்டு நிற்கும் சொல்லிடம் போய், ஒரு பையன் கிதாரோடு உட்கார்ந்து தன் அத்தை வீட்டுக் கிணற்றைப் பற்றிப் பாடுவதையும் சுமக்கச் சொல்கிறோம்.

பொருளும் தப்பு. அந்தரங்கம் என்றால் பிறருக்குத் தெரியக்கூடாதது. இவர்களோ நோட்டீஸ் அடித்து, முன்பதிவு வாங்கி, முன்பின் தெரியாத நாற்பது பேரைக் கூப்பிடுகிறார்கள். நேர்த்தியான பகிரங்கம் அது. கூட்டம் சின்னது என்பதால் ரகசியம் ஆகிவிடுமா? அப்படியென்றால் என் கடைக்கு ஒரு நாளில் வருகிற பத்துப் பேரும் அந்தரங்கமாகத்தான் வருகிறார்கள்.

'நெருக்கமான இசை நிகழ்ச்சி' என்றும் சிலர் எழுதுகிறார்கள். 'நெருக்கமான திருமணம்' என்று ஒரு பத்திரிகையே என்னிடம் வந்தது. கொரோனா சமயம், ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற நேரம். அந்த நேரத்தில் நெருக்கமான திருமணம் என்று அச்சடித்தால் அதிகாரிதான் முதல் விருந்தாளி. 'நெருங்கிய உறவினர் மட்டும்' என்று மாற்றிக் கொடுத்தேன். 'நெருங்கிய' என்பது ஆளுக்கு ஒட்டும். 'நெருக்கமான' என்பதை இடத்துக்குப் போட்டால் திருவிழாக் கூட்டத்தில் செருப்பு தொலைந்த ஞாபகம்தான் வருகிறது.

தனித்தமிழ்ப் பக்கத்தில் 'அணுக்க இசை' என்று ஒன்று. அணுக்கம் என்றால் நெருக்கம். நல்ல சொல், பழைய சொல். தஞ்சைப் பெரிய கோயிலில் திருவணுக்கன் திருவாயில் இருக்கிறது. ராசேந்திர சோழனுக்கு அணுக்கியாராக இருந்த பரவை நங்கையார் கல்வெட்டிலேயே இருக்கிறார். அதுதான் சிக்கலும். சொல் கோயில் வாசலில் கம்பீரமாக நின்றுகொண்டிருக்கிறது, அதை மொட்டை மாடிக்கு ஏறச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. 'சிற்றரங்கு' பரவாயில்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய அரங்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஒரு கோல் இருபத்து நாலு விரல். விரலை முக்கால் அங்குலமாக வைத்தால் பத்தரை அடிக்குப் பன்னிரண்டு அடி. எங்கள் வீட்டு முன் ஹால் அதைவிடப் பெரிது. ஆக, பூம்புகார் அரங்கே சிற்றரங்குதான். ஆனால் இந்தச் சொல் இடத்தை மட்டும்தான் அளக்கிறது. நான் தேடுவது தூரத்தை.

தூரம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், இந்தப் பைத்தியம் எனக்கும் உண்டு. சேது எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, சென்னையில் ஒரு மாடி அறையில் முப்பது பேரோடு உட்கார்ந்து பாட்டுக் கேட்டுவிட்டு மறுநாள் ராத்திரி திரும்பியிருக்கிறேன். வீட்டில் திட்டு வாங்கியதைச் சேர்க்கவில்லை. பாடுகிறவர் இரண்டு கை தூரத்தில் இருப்பார். கம்பியில் விரல் இடம் மாறும்போது 'கீச்' என்று ஒரு சத்தம் வரும். அடுத்த வரிக்கு முன் மூச்சு இழுப்பது கேட்கும். ஒரு வரியை மறந்துவிட்டு, மறந்ததைச் சொல்லியே சிரிப்பார். பதிவு செய்யும்போது இதையெல்லாம்தான் முதலில் துடைத்து எடுக்கிறார்கள்.

அமெரிக்காவில் என்பிஆர் வானொலியின் 'டைனி டெஸ்க்' இசை நிகழ்ச்சி 2008இல் பிறந்ததும் ஒரு கேட்காத பாட்டினால்தான். திருவிழா ஒன்றில் லாரா கிப்சன் என்ற பாடகி பாடியபோது சுற்றிலும் கூட்டத்தின் இரைச்சல். பாட்டுக் காதில் விழவில்லை. பேசாமல் எங்கள் ஆபீஸ் மேசைக்கே வந்து பாடிவிடுங்களேன் என்று விளையாட்டாகச் சொல்ல, அவர் நிஜமாகவே வந்து பாடினார். அடுத்த வருஷம் லண்டனில் 'சோஃபார்' என்ற சின்ன இசைக் கூட்டம் ஒரு வீட்டு வரவேற்பறையில் தொடங்கியது. அங்கே பேசக்கூடாது, போனை நோண்டக்கூடாது. இரண்டிலும் ரகசியம் முக்கியமில்லை. பாட்டுக் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான்.

நான் தேடிய சொல் எனக்குக் கிடைத்தது புத்தகத்தில் இல்லை. இரண்டு வருஷம் முன்னால் பாம்பனில், தென்கடல் பக்கம், ஒரு பனையோலைக் கொட்டகையில் இப்படி ஒரு பாட்டு. வடகடல் பெண்கடல், தென்கடல் ஆண்கடல் என்பார்கள் இங்கே. அன்றைக்கு ஆண்கடல் தன் குணத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. கச்சான் காற்று மைக்கில் புகுந்து பொரபொரவென்று அடித்தது. பாடகர் மைக்கைத் திருப்பினார், துண்டைச் சுற்றினார், ஒன்றும் நடக்கவில்லை. பின்னால் கருவாட்டுக் கூடையோடு நின்றிருந்த ஒரு பாட்டி சத்தம் போட்டார்: "எய்யா, அந்தக் கருமத்த அமத்திட்டுக் கிட்ட வந்து பாடுய்யா! கடல் சத்தத்துல ஒரு எழவும் கேக்கல."

மைக்கை அணைத்தார்கள். அவர் நான்கு அடி முன்னால் வந்தார். நாங்கள் பாயை இழுத்துக்கொண்டு நான்கு அடி முன்னால் போனோம். அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. பாட்டியும் கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

கிட்ட. இதைவிட என்ன வேண்டும்? கிட்டுதல் என்றால் நெருங்குதல், கைக்கு வருதல். தமிழ்ச் சொல். எங்கள் கரையில் மூன்று வயசுப் பிள்ளையும் சொல்லும். புதிதாக ஒட்டவைக்கவும் தேவையில்லை, வழி ஏற்கெனவே போட்டிருக்கிறது: கிட்டப்பார்வை. கண் டாக்டரிடம் போகிற எல்லோரும் சொல்கிற கலைச்சொல். அதே அச்சில் வார்த்தால் கிட்டக் கச்சேரி.

வாத்தியார் உடனே பிடித்துக்கொண்டார். "கச்சேரி தமிழா?" இல்லை. இந்துஸ்தானியிலிருந்து வந்தது. முதலில் அரசாங்க அலுவலகம், நீதிமன்றம். தாலுகாக் கச்சேரி என்று பெருசுகள் இன்னும் சொல்கிறார்கள். மயிலாப்பூர்க் கச்சேரி சாலை பாட்டால் பெயர் வாங்கவில்லை. நாலு பேர் கூடுகிற இடம் என்பதிலிருந்து பாட்டுக்குக் கூடுவதற்கு நகர்ந்திருக்கிறது. வந்தது வெளியிலிருந்துதான். ஆனால் வந்த பிறகு வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. அரட்டைக் கச்சேரி, வாய்க் கச்சேரி, "வீட்டுக்குப் போனா எனக்கு இருக்கு கச்சேரி". இத்தனை வேலை செய்கிற சொல்லை எல்லையில் நிறுத்திப் பாஸ்போர்ட் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தூய்மைக்காக வேண்டாம் என்றால் 'கிட்டப்பாட்டு' என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தரங்கத்தையும் வடமொழியிலிருந்துதானே கடன் வாங்கினார் வாத்தியார்? அதைக் கேட்டால் பதில் இல்லை.

பெரிய கச்சேரிக்காரர்கள் கோபப்படுவார்களோ என்றும் யோசித்தேன். பட வேண்டாம். இன்றைய கர்நாடக இசைக் கச்சேரியில் பாட்டுகளின் வரிசையை அமைத்துக் கொடுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். அவருடைய குரு பூச்சி சீனிவாச ஐயங்கார் எங்கள் ராமநாதபுரம் சேதுபதியின் ஆதரவில் இருந்தவர். 1919இல் மறைந்த அவர் ஒலிபெருக்கிக் காலத்தைப் பார்க்கவே இல்லை. அரண்மனையில் அவர் பாடியதெல்லாம் கிட்டக் கச்சேரிதான். கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் அம்பாப் பாட்டு அதையும்விடக் கிட்ட. பாடுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் நடுவில் ஒரு கயிறுதான். தூரக் கச்சேரிதான் பின்னால் வந்தது. எல்லாமே தூரமாகிப்போனதால்தான் பழையதற்குப் புதுப்பெயர் தேட வேண்டியிருக்கிறது.

மொழிபெயர்ப்பவர்களிடம் எனக்குள்ள வருத்தம் ஒன்றே ஒன்று. போன் கொடுத்ததை வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்ப்பதில்லை. அந்தத் தம்பியிடம் "உங்க உம்மாவ இந்த நிகழ்ச்சிக்குக் கூப்பிடு, நோட்டீஸ்ல உள்ளபடியே சொல்லிக் கூப்பிடு" என்றேன். வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான், முகம் சிவந்துவிட்டது. "மாத்திருங்க காக்கா."

மாற்றினேன். திரையில் 'கிட்டக் கச்சேரி' என்று கொட்டை எழுத்தில் வந்ததும் அவனுக்குப் பிடித்துவிட்டது. போனில் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பினான். இரண்டு நிமிஷத்தில் பதிலும் வந்தது.

"எல்லாருக்கும் ஓகே காக்கா. ஆனா நடுவுல அந்த 'க்' எதுக்கு? எடுத்துட்டா டிசைன் நல்லா இருக்குமாம்."

ஒற்றுக்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை என்று சொல்லி, நூறு பிரதி அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.